பத்தொன்பதாவது நிமிடம்

ஏறுங்கள் மேடம், ஏறுங்கள். நீங்கள் தேடி வந்த கல்வி வளாகம் இதுதான். நெற்றியில் எழுதியிருக்கிறதே, 'மாராத்தாள் நினைவுக் கல்வி வளாகம்' என்று. மூன்று முறை இந்த பஸ்ஸைத் தாண்டிப் போனீர்கள். நானும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். டிக்கெட்டுக்கு ஆள் கூப்பிடுகிறான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. வளாகம் என்றால் எல்லோரும் ஆர்ச்சைத்தான் தேடுவார்கள். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில், ஒரு வளாகம் புகை விட்டுக்கொண்டு நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

இந்த சீட்டில் உட்காருங்கள், இது காற்று வரும் பக்கம். ஒன்பது நிமிடம் தாமதம். பரவாயில்லை. பரவாயில்லை என்று நான் சொல்லலாம். பின்னால் இருக்கும் முப்பத்தெட்டுப் பேரும் சொல்வார்களா என்று தெரியாது. ரெண்டு மணி ஷிப்டுக்குப் போகிற பெண்கள். எங்கள் மாமாவின் நூல் மில்லில் வேலை.

இருங்கள், இப்போது ஒரு சத்தம் வரும். பயப்படாதீர்கள், அது நான்தான்.

'வணக்கம். நான் கருணாகரன். முப்பத்தாறாவது பாடத்துக்கு உங்களை வரவேற்கிறேன்.' கேட்டீர்களா? டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற பாட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது. படம் அவரவர் போனில் ஓடும், சத்தம் மட்டும் பெட்டியில். இஞ்சின் பக்கத்தில் கையில் ஒயரோடு உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைத் தாவணி மாதிரி துப்பட்டா, அவள் பெயர் கோகிலவாணி. அவள் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னால் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குவார்கள். இல்லாவிட்டால் முப்பத்தெட்டு கருணாகரன் முன்னும் பின்னுமாகப் பேசுவான். ஒரு நாள் அப்படி நடந்தது. வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டேன்.

நாம் பேசலாம், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. பாடத்தின் முதல் பத்தொன்பது நிமிடம் அவர்களுக்கு மனப்பாடம். அது ஒரு கதை. அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்கள் தாளில் இருக்கிற கேள்விக்குப் பதில் வரும். உங்கள் சென்னை ஐயா பெரிய தொகையை எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்குவதா, இணையவழிக் கல்விக்குக் கொடுப்பதா என்று யோசிக்கிறார். இரண்டு கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒன்றில் நான் டிக் போட வேண்டும். இந்த விஷயத்தில் அனுபவஸ்தன் நான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், ஒன்றைக் கட்டவிடாமல் தடுத்து இன்னொன்றில் தோற்றவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கடைசிப் பாடம். நாற்பத்திரண்டு நிமிடமும் ஓடி முடிந்தால் இந்த முப்பத்தெட்டுப் பேர் பெயரும் பட்டியலில் திரும்ப ஏறும். மூன்று வருடம் பி.காம். தபாலில் படிக்கிற செலவு முழுக்க மாமாவின் அறக்கட்டளை கொடுக்கும். முடியாவிட்டால் திங்கட்கிழமை காலையில் ஆர்ச்சுக்குக் குழி தோண்டுவார்கள். இதுதான் ஒப்பந்தம். மாமா ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், அவர் பருத்தி வாங்குகிறவர்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நாச்சிமுத்து. எட்டாவது வரை படித்தவர். மாராத்தாள் அவர் அம்மா, என் அம்மாயி. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் விழாவுக்கு, அந்த அரங்கத்துக்கு ஃபேன் எல்லாம் வாங்கிக் கொடுத்தவர் என்ற முறையில் இவரை அழைத்திருக்கிறார்கள். போனால் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்களாம். முதல் வரிசையில் தாளாளரின் மாப்பிள்ளை. ஃபேன் காற்று முதலில் அவன் தலைக்குப் பட்டு அப்புறம்தான் தன் தலைக்கு வந்தது என்று மாமா இன்னும் சொல்வார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் அறுபத்திரண்டு ஏக்கர் வாங்கினார். சொந்தமாகவே ஒரு பல்கலைக்கழகம். ஆர்ச்சுக்கு மூன்று வரைபடம் வந்தது. பாடத்திட்டம் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் திரும்பி வந்தேன். இரண்டரை வருடம் ஆகிறது. மினியாபொலிஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். வலைத்தளத்துக்கு வருகிறவர்கள் எந்த நொடியில் அலுத்துப்போய் வெளியேறுகிறார்கள், ஏன் வெளியேறுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது. அதற்குத்தான் சம்பளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

இருமினேன் பார்த்தீர்களா? பெட்டியில். நாலாவது நிமிடம். பின்னால் அத்தனை பேரும் கூடவே இருமுகிறார்கள். இது மரியாதையா கிண்டலா என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை.

வந்த முதல் மாதம் மாமா மில்லைச் சுற்றிக் காட்டினார். சும்மா இருக்க முடியுமா? அங்கேயும் நாலைந்து சீர்திருத்தம் செய்து கொடுத்தேன். அதை விடுங்கள், அது வேறு. அப்புறம் அறக்கட்டளைக்கு வந்தேன். நாள் முழுக்க மாமாவை உட்கார வைத்துப் பேசினேன். கட்டடம் கட்டுவதெல்லாம் போன நூற்றாண்டு வேலை மாமா, சுண்ணாம்பில் போடுகிற காசை மூளையில் போடுங்கள், உங்கள் மில் பெண்கள் கையிலேயே போன் இருக்கிறது, அதற்குள் பல்கலைக்கழகத்தை வைத்துவிடலாம் என்றேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"அதுல அம்மா பேரை எங்க மாப்ள எழுதறது?"

திரையின் ஓரத்தில் எழுதலாம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தங்கை மகன், அமெரிக்காவிலிருந்து வந்தவன். ஒரு வருடம் தருகிறேன், ஒரு பஸ்ஸில் வருகிற பெண்களை வைத்துச் செய்து காட்டு, பாதிப் பேர் முழுசாக முடித்தாலும் பணம் உன் வழிக்கு, இல்லாவிட்டால் ஆர்ச்சு என்றார்.

வணிகக் கணக்கு. முப்பத்தாறு பாடம், வாரம் ஒன்று. நானே எழுதி நானே பேசினேன். பத்தாவது வரை தமிழில் படித்தவன், அதற்கு மேல் இங்கிலீஷில் படித்தவன். இரண்டிலும் பாடம் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது என்று ஒரு எண்ணம். முதல் பாதியில் கேள்வியைப் போட்டு ஆர்வத்தைக் கிளப்பி, பிற்பாதியில் விடையை அவிழ்ப்பது என் முறை. நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் ஓடும், தாண்டி ஓட்ட முடியாது. ஏமாற்றக் கூடாது இல்லையா, அதற்காக நான் வைத்த பூட்டு.

முதல் வாரம் முடிந்ததும் கணினியைத் திறந்து பார்க்கிறேன். முப்பத்தெட்டுப் பேரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் பத்தொன்பதாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருத்தி பதினெட்டே முக்கால், ஒருத்தி பத்தொன்பதே கால். அடுத்த நாளும் அதே. அடுத்த வாரமும் அதே. கோடு நேராகப் போய் கத்தியால் வெட்டியது மாதிரி விழுகிறது.

என் வாழ்நாள் தொழில் இது மேடம். எந்த நொடியில் போகிறார்கள், ஏன் போகிறார்கள். உட்கார்ந்து ஆராய்ந்தேன். என் முகம்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தேன். ஒரு மனித முகத்தைப் பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன். என் மனைவி இந்துமதி படித்துப் பார்த்துவிட்டு, "பத்தொம்பது நிமிஷம் தாங்கறாங்களே, நான் அவ்வளவு தாங்கினதில்ல" என்றாள்.

மீசையை எடுத்தேன். அதுதான் முதல். பிறகு சட்டை. பழுப்புச் சட்டையை மாற்றிக் கோடு போட்டது, அதை மாற்றி வெள்ளை. பின்னால் புத்தக அலமாரி வைத்தேன், எடுத்தேன், பூச்செடி வைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். இதோ, இப்போது வரும் பாருங்கள், ஒன்பதாவது நிமிடம்... வந்ததா? அந்தச் சிரிப்புக்கு மூன்று நாள் பயிற்சி. நான் சிரிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் சிரிக்கிறார்கள், அதையும் கவனித்தீர்களா. சரி. பதினோரு முறை மாற்றிப் படம் பிடித்தேன். எல்லா முறையும் முதல் பத்தொன்பது நிமிடத்தை மட்டும்தான். அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லையே, எதற்கு ஸ்டூடியோவுக்கு வாடகை? அதனால் இன்றைக்கும் எந்தப் பாடத்தைப் போட்டாலும் பத்தொன்பதாவது நிமிடத்தில் எனக்குத் திடீரென்று மீசை முளைக்கும். பழைய பழுப்புச் சட்டை வரும். குரலும் கொஞ்சம் அடங்கிப் போகும்.

பதினோராவது முறைதான் நீலச் சட்டை. போட்டேன் மேடம், கோடு எழுந்தது. பதினைந்தாவது பாடம். பத்தொன்பதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது, நாற்பத்திரண்டில் போய் நின்றது. முப்பத்தெட்டுப் பேரும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரமும் நாற்பத்திரண்டு. எட்டு வாரம் அப்படியே ஓடியது. கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். நிறமும் கவனமும் என்று தலைப்பு. நீலச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் வந்து எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள்.

அந்த வாரமே இங்கே ரோட்டில் ஒரு விழா. மில்லுக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாலம். மழையில் இடிந்து, புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு மில் சார்பில் என்னைத்தான் அனுப்பினார் மாமா. ரிப்பனை நான்தான் வெட்டினேன். போட்டோகூட இருக்கிறது. அதே நீலச் சட்டை.

அடுத்த நாள் கோடு விழுந்தது. பத்தொன்பது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தால் சில விஷயங்கள் புரியாது மேடம். முகூர்த்த மாதம், பெண்களுக்கு நகை, புடவை என்று கவனம் சிதறுகிறது என்று நினைத்தேன். முப்பத்தாறு வாரம் முடிகிற வரை பொறுத்துப் பார்த்தேன். கோடு எழவே இல்லை. கோபம் வந்தது. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை என்று இந்துமதியிடம் கத்தினேன். ஆர்வமில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, முப்பத்தெட்டுப் பெயரையும் நீக்கினேன். மாணவர் ஒருவர்கூட இல்லை. துணைவேந்தர் நான் மட்டும் மிச்சம்.

அதற்கு மூன்றாம் நாள் இந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். அவளுக்கு வார விடுமுறை நாள். கையில் ஒரு நோட்டு.

"எங்க பேரையெல்லாம் எடுத்துட்டீங்களாமுங்க சார்."

ஆர்வம் என்றால் என்ன என்று அவளுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். எனக்குப் பொதுவாகப் பேச்சு குறைவு, கேட்பதுதான் என் பலம். ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் பேசிவிட்டேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும் நோட்டை மேசையில் வைத்தாள்.

"மிச்சத்தை நாங்களே போட்டுப் பார்த்தமுங்க. சரியான்னு பார்த்துச் சொல்லுங்க. தப்பா இருந்தா பேரு எடுத்தது சரிதான்."

திறந்து பார்த்தேன். 'பாடம் 1, மிச்சம்.' 'பாடம் 2, மிச்சம்.' இருபத்தெட்டுப் பாடத்துக்கு மிச்சம் இருந்தது. பேனாவில் ஒரு எழுத்து, பென்சிலில் ஒரு எழுத்து, மூன்று நான்கு பேர் கை. கேள்வியை மட்டும் வாரத்தில் ஆறு நாள், ஆறு முறை கேட்டிருக்கிறார்கள். பிறகு எட்டு மணி நேரம் மில்லில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே யோசித்திருக்கிறார்கள். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் சண்டை. சண்டை முடிந்தால் ஒருத்தி நோட்டில் எழுதுவாளாம்.

சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். ஒவ்வொரு பக்கத்திலும் டிக் போட்டுக்கொண்டே போனேன். மூன்று தப்பு இருந்தது. நாலாவதாக இருபத்தேழாவது பாடம். நூறு ரூபாய்ப் புடவையை இருபது சதவீதம் ஏற்றி, பிறகு இருபது சதவீதம் தள்ளுபடியில் விற்றால் என்ன விலை? என் பாடத்தில் நான் சொன்னது, பழைய விலைக்கே வரும், அதே நூறு. அவர்கள் தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்து நூறு என்று எழுதினேன்.

அவள் அதைப் பார்த்தாள். "சரிங்க சார். ஆனா அந்த நாலு ரூபா எங்க போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அந்த வாரம் பூரா சண்டை."

போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். போனை எடுத்து அதில் தட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. அந்தப் பாடத்துக்கு நீலச் சட்டை எல்லாம் போட்டிருந்தேன் மேடம். விடையை மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன், இவ்வளவு செய்கிறவர்கள் ஏன் முழுசாகப் பார்க்கவில்லை என்று. நானாகக் கேட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு.

"பஸ் ஏறுனா பத்தொம்பது நிமிஷத்துல கேட் வந்துருதுங்க சார். கேட்டுல போனை வாங்கிப் பெட்டில போட்டுருவாங்க. பாலம் வேலை நடந்தப்ப வாய்க்கா ரோட்டுல சுத்தி வந்தமுங்க, அப்ப முழுசாப் பார்த்தம்."

எவன் போட்ட விதி அது என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவள் என் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். நானும் திரும்பினேன். சுற்றறிக்கை. கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வேலை நேரத்தில் கைப்பேசிக்குத் தடை, வாயிலில் ஒப்படைக்க வேண்டும். கீழே என் கையெழுத்து, தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. முதல் மாதச் சீர்திருத்தம் என்றேனே, அதில் ஒன்று.

தண்ணீர் குடிக்கிறேன், கேட்கிறதா? பதினைந்தாவது நிமிடம். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் பார்க்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதைத்தான் உங்கள் ஐயாவுக்கு நீங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

"வீட்டுல உக்காந்தா எந்திரின்னு சொல்ல நாலு பேர் இருக்காங்க சார். பஸ்ஸுல உக்காந்தாத்தான் யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

மாமாவின் அறுபத்திரண்டு ஏக்கரும் என் முப்பத்தாறு பாடமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் எங்கேயோ காணாமல் போய்விட்டது. ஆனாலும் நான் விடவில்லை. அரைமணி முன்னால் கிளம்பி, கேட் முன்னால் பஸ்ஸை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

"நின்னா எறங்கச் சொல்லுவாங்க சார். மொதல்லயே வந்தவங்களை உள்ள கூப்பிட்டு மெசினைக் குடுத்துருவாங்க. ஓடிட்டே இருந்தா யாரு எறங்கச் சொல்லுவா? அரைமணி முன்னாலயே ஏறிக்கறோம், பஸ்ஸை மட்டும் வாய்க்கா ரோட்டுல விடச் சொல்லுங்க."

இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பஸ் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

மாமாவிடம் போனேன். போன் பெட்டியை எடுத்துவிடலாமா என்று முதலில் கேட்டேன். "அது வந்ததுக்கப்புறம்தான் நூல் அறுவறது கொறைஞ்சிருக்கு. நீ வந்து செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான், அதையும் எடுத்துராத" என்றார். சரி, பஸ்ஸையாவது சுற்றி விடுங்கள் என்றேன். அறுபத்திரண்டு ஏக்கரை ஒரு மத்தியானத்தில் வாங்கியவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு வேணும்னாலும் கேளு மாப்ள. பஸ்ஸு சும்மா சுத்தறதுக்கு டீசல் கேக்காத."

சும்மா இல்லை மாமா, அதுதான் வகுப்பறை என்றேன். "வகுப்பறைன்னா செவுரு எங்கே?" என்றார். வெளியே அழைத்துப் போய் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் காட்டினேன். அவரும் ஒரு முறை தட்டிப் பார்த்தார். பின்னால் போனார், முன்னால் வந்தார், கண்ணாடிக்கு மேலே நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றவர், எழுத்து எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகம் என்றே எழுதச் சொன்னார். சட்டத்தில் இடமில்லை மாமா என்று கெஞ்சி, வளாகத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். பெயின்ட் காய்ந்த அன்றைக்கு மாமாவும் ஏறினார். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே சீட்டில். "மொத வரிசை" என்று ஒரு முறை சொன்னார். பாடம் முடிந்து இறங்கும்போது, பெண்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்த அந்த நாலு ரூபாய் எங்கே போனது என்று கோகிலவாணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினார்.

ஆனால் ஒப்பந்தத்தை விடவில்லை. இருபத்தெட்டு மிச்சம், இருபத்தெட்டு ஷிப்ட். தினம் ஒன்று. ஒரு நாள் ஒரு பாடம் அரைகுறையாக நின்றாலும் ஆர்ச்சு. நேற்றோடு இருபத்தேழு.

நீலச் சட்டைக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றுதான் இன்னும் எனக்குத் தோன்றுகிறது. ஒரு கால் பங்காவது. இல்லையா?

சரி, பேனாவைக் கொடுங்கள், உங்கள் தாளில் டிக் போட்டுவிடுகிறேன். யோசித்துத்தான் போட வேண்டும். கட்டடம் இல்லாமல் பாடம் கொடுத்தேன், உட்கார இடமில்லை. கட்டடம் கொடுத்தால் இவர்கள் ஷிப்டை விட்டுவிட்டு அங்கே வர முடியாது. வேடிக்கை என்ன தெரியுமா? இன்றைய பாடமும் கிட்டத்தட்ட இதுதான். கேளுங்கள், பெட்டியில் கேட்கிறேன் பாருங்கள். 'உங்கள் கையில் நூறு ரூபாய் இருக்கிறது. அதைக் கட்டடத்தில் போடுவீர்களா, ஓடுகிற சரக்கில் போடுவீர்களா?' கேள்வி நினைவிருக்கிறது. விடையாக என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்கு மறந்துவிட்டது. மீசை வைத்திருந்த காலத்தில் சொன்னது.

ஏன் பஸ் நிற்கிறது? ஓ, பாலம் வந்துவிட்டது. இதுதான் நான் ரிப்பன் வெட்டிய பாலம். அதோ பாருங்கள், நேர் எதிரே பச்சை கேட் தெரிகிறதே, அதுதான் மில். ஒரே நிமிடம். இடது பக்கம் திரும்புகிறதே, அது வாய்க்கால் ரோடு. தினமும் இங்கே நிற்காமல் இடது பக்கம் திருப்பிவிடுவார் டிரைவர் சடையப்பண்ணன். இன்றைக்கு நிறுத்திவிட்டார். ஒன்பது நிமிடம் தாமதம் இல்லையா, அதுதான்.

கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்கிறார். "நேரா வுட்டா நேரத்துக்கு உள்ள போயிரலாம் கண்ணுகளா. சுத்துனா சங்கு ஊதிரும். எப்படி?"

ரெண்டு மணிக்குச் சங்கு. சங்குக்குப் பிறகு போனால் அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள். யார் போட்ட விதி என்று நீங்கள் கேட்க வேண்டாம் மேடம், நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். முப்பத்தெட்டு அரைநாள். நீங்கள் அந்த மூன்றாவது முறை தாண்டிப் போகாமல் இருந்திருந்தால்... இல்லை, உங்களைச் சொல்லவில்லை. ஆர்ச்சு இல்லாத குறை. மாமா சொன்னதும் ஒருவகையில் சரிதான்.

பாடம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. கோகிலவாணி எழுந்து திரும்பி எல்லோரையும் பார்க்கிறாள். அந்தக் கடைசி சீட்டுப் பெண் தலையை ஆட்டுகிறாள். இந்தப் பக்கத்தில் இருவர் விரலை விட்டு ஏதோ எண்ணுகிறார்கள், எண்ணி முடித்து அவர்களும் ஆட்டுகிறார்கள். கோகிலவாணி உட்கார்ந்துவிட்டாள்.

"சுத்தியே போங்கண்ணா."

திருப்பிவிட்டார். கேட் பின்னால் போகிறது பாருங்கள். அரைநாள் சம்பளம் மேடம், அது இவர்கள் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியும். இல்லை, தெரியாது, கேட்டதில்லை. கோகிலவாணி, அம்மிணி, இங்கே பார், நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம், டைம் ஆபீஸில் நானே போய்ப் பேசுகிறேன், அந்த விதியே சரியில்லை என்று ஒரு சுற்றறிக்கை எழுதி, இரண்டு மொழியிலும்...

"சார், அதை அப்புறம் பேசிக்கலாமுங்க. இப்பக் கொஞ்சம் சும்மா இருங்க. சார் சொல்றது கேக்க மாட்டேங்குது."

கேட்டுக்கொண்டீர்களா மேடம். பேனாவை உள்ளே வையுங்கள். மீசைக்காரர் பேசட்டும்.